மார்பகப் புற்று பரவுவதை மூலிகைச் சாரம் தடுக்குமா?

மார்பில் வரும் கட்டி மார்போடு நின்றுவிட்டால் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தக் கட்டியல்ல. அதிலிருந்து கிளம்பி எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று போய்க் குடியேறும் செல்கள்தான் பறிக்கின்றன. அமெரிக்கப் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். மார்பகத்துக்குள் இருக்கும்போதே நோயைக் கண்டுபிடித்தவர்களில் ஐந்து ஆண்டுகளைக் கடப்பவர்கள் நூற்றுக்கு 99 பேர். தொலைவில் உள்ள உறுப்புக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால் அது சுமார் 30 பேராகிவிடுகிறது. இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1.9 லட்சம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. நம் ஊரில் பலர் மருத்துவமனைக்கு வரும்போதே கட்டி முற்றியிருக்கிறது.

அதனால்தான் 'இந்த மூலிகை புற்று பரவுவதைத் தடுக்கிறது' என்று ஒரு செய்தி வந்தால் மனம் அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதுவும் அந்த மூலிகை மஞ்சளாகவோ வேம்பாகவோ கருஞ்சீரகமாகவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அஞ்சறைப்பெட்டியிலும் கொல்லையிலும் இருக்கிற பொருள். அந்தச் செய்திகளில் பல பொய்யல்ல. உண்மையாகவே ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோ பாடுபட்டுக் கண்டுபிடித்தவைதான். ஆனால் அந்த ஆய்வு சொன்னது ஒன்று, நம் காதில் விழுவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை, உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

பரவல் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மார்பகத்தில் பால் செல்லும் குழாய்களின் உட்சுவரில் செல்கள் வரிசையாக, பக்கத்துச் செல்லோடு கைகோத்தபடி இருக்கின்றன. அந்தக் கையாக வேலை செய்யும் புரதத்தின் பெயர் ஈ-கேட்ஹெரின். செல்களுக்கு அடியில் வேலிபோல ஒரு மெல்லிய சவ்வு. புற்றாகிவிட்ட செல்களில் சில, கோத்த கையை விட்டுவிடுகின்றன. உருண்டையாக இருந்தவை நீண்டு மெலிந்து ஊரத் தொடங்குகின்றன. அப்படி ஊரும் செல்லுக்குள் விமென்டின் என்ற இழைப்புரதம் கூடுகிறது. இனி வேலியை அரித்தாக வேண்டும். எம்.எம்.பி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதிகள் சவ்வைக் கரைத்து வழிவிடுகின்றன. செல் அந்த வழியாக ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ புகுந்து, ஓட்டத்தில் சிதையாமல், எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் தப்பி, வேறோர் உறுப்பில் கரையேறி, அங்கே பிழைத்துப் பெருக வேண்டும். கிளம்புகிற செல்களில் மிகச் சொற்பமானவைதான் இந்தப் பயணத்தை முடிக்கின்றன. நோயாளிக்கு அந்தச் சொற்பமே போதுமான கேடு.

1889-இல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகவே போகிறது. ஆனால் கல்லீரலில் அடிக்கடி கட்டி இருந்தது, மண்ணீரலில் அபூர்வமாகத்தான் இருந்தது. விதை எல்லாப் பக்கமும் சிதறும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். நிலத்தில் இறங்கிய எவருக்கும் தெரிந்த இந்த உண்மைதான் இன்றுவரை பரவல் ஆராய்ச்சிக்கு அடிப்படை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நோயாளிகளின் குடும்பங்களில் அடிக்கடி குழப்பம் வரும் இடம் இது. எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்று எலும்புப் புற்று ஆகிவிடாது. மண் மாறியிருக்கிறது, விதை அதேதான். அதனால் அதற்குக் கொடுப்பதும் மார்பகப் புற்றுக்கான மருந்தே.

இப்போது செடிகளுக்கு வருவோம். செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வந்திருக்கிறது. நம் வீட்டு வாசலிலேயே பூத்துக்கொண்டும் இருக்கிறது.

நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள், ஈழத்தில் பட்டிப்பூ. பூர்வீகம் மடகாஸ்கர். ஜமைக்காவில் இதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். 1952-இல் கனடாவில் ராபர்ட் நோபல் என்ற ஆராய்ச்சியாளரிடம் அந்த இலைகளில் சில ஓர் உறையில் வந்து சேர்ந்தன. மருத்துவரான அவருடைய அண்ணன் அனுப்பியவை. நோபல் கஷாயத்தை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தார். எலிகள் கிருமித்தொற்றில் செத்தன. ஏன் செத்தன என்று தேடியபோது, அவற்றின் வெள்ளையணுக்கள் சரிந்திருப்பது தெரிந்தது. வெள்ளையணுவைக் குறைக்கும் பொருள், வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றில் உதவுமே! சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் நோபலோடு சேர்ந்து அந்தப் பொருளை இலையிலிருந்து தனியே பிரித்தார். அதுதான் வின்பிளாஸ்டின். அதன் உறவான வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றைக் குணப்படுத்தும் மருந்துகளில் ஒன்று. அதே குடும்பத்திலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர்கள் மாற்றியமைத்த வினோரெல்பின், உடலெங்கும் பரவிய மார்பகப் புற்றுக்குத் தரப்படுகிறது.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். வாயால் குடித்தபோது ஒன்றும் நடக்கவில்லை, நேரே உடலுக்குள் ஏற்றியபோது உயிரே போனது. இலை ஒன்றுதான். உள்ளே போன வழியும் அளவும் வேறு. எலிக்கு வாய்வழியே ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக நித்தியகல்யாணி இலையை வீட்டில் அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அளவு தெரியாமல் குடித்தால் அது நஞ்சு. மருத்துவமனையில் அதே பொருளைச் சுத்தமாகப் பிரித்து, மில்லிகிராம் கணக்கில், நோயாளியின் உடல் அளவுக்கு ஏற்ப நரம்பில் ஏற்றுகிறார்கள். அந்தப் பொருளில் ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும்.

மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுத்தவர்களுக்கு இன்னொரு பெயர் பழக்கமாக இருக்கும்: பாக்லிடாக்ஸெல். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் மெதுவாக வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. 1962-இல் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர் அந்தப் பட்டையைச் சேகரித்தார். அமெரிக்க அரசு லட்சத்துக்கும் மேற்பட்ட தாவரச் சாரங்களைச் சோதித்துப் பார்த்த பெரிய திட்டம் அது. மன்ரோ வால், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வானி ஆகிய வேதியியலாளர்கள் அதிலிருந்த பொருளின் வடிவத்தை 1971-இல் வெளியிட்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை சூசன் ஹார்விட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1979-இல் கண்டுபிடித்தார். செல் இரண்டாகப் பிரியும்போது மரபுப்பொருளை இருபக்கமும் இழுக்கக் கயிறுபோன்ற நுண்குழல்கள் உருவாகும், வேலை முடிந்ததும் கலையும். நித்தியகல்யாணியின் பொருள் அந்தக் கயிற்றை உருவாகவிடாது, யூ மரத்தின் பொருள் கலையவிடாது. இரண்டிலும் செல் பிரிய முடியாமல் சாகிறது. மார்பகப் புற்றுக்கு பாக்லிடாக்ஸெல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1994-இல். பட்டையை உரித்த நாளிலிருந்து 32 ஆண்டுகள். லட்சத்துக்கும் மேற்பட்ட சாரங்களிலிருந்து அப்படி மருந்தாகத் தேறியவை கைவிரல்களுக்குள் அடங்கும்.

அடுத்து, ஆய்வுச் செய்திகளில் வரும் 'சாரம்' என்ற சொல். நாம் அதைக் கஷாயம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த இலையைப் பொடித்து மெத்தனாலிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சும் பிசினைத்தான் பெரும்பாலும் சாரம் என்கிறார்கள். தண்ணீரில் கரையாத பொருள்கள் அதில் இறங்கியிருக்கும். ஆக அது வீட்டுக் கஷாயத்தில் இருப்பதே அல்ல. சாரம் என்பது நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவையும்கூட. எந்தப் பருவத்தில் பறித்தார்கள், எந்த மண்ணில் விளைந்தது, இலையா வேரா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் மாறும்.

அந்தப் பிசினைப் புற்றுச் செல்கள் வளரும் கண்ணாடித் தட்டில் விடுகிறார்கள். இந்தத் துறையில் அதிகம் அடிபடும் செல் வரிசைகள் இரண்டு: எம்.சி.எஃப்-7, எம்.டி.ஏ-எம்.பி-231. இரண்டும் 1970-களில் அமெரிக்காவில் இரு பெண்களின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை உலகெங்கும் வளர்க்கப்படுபவை. முதலாவது ஹார்மோனுக்குக் கட்டுப்படுவது, அவ்வளவாகப் பரவாதது. இரண்டாவது டிரிபிள் நெகட்டிவ் வகை, அதாவது ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமிகுதியும் இல்லாதது, மூர்க்கமாக ஊரக்கூடியது. பரவலைப் பற்றிய ஆய்வென்றால் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பார்கள்.

பரவலைத் தட்டில் அளப்பது எப்படி? தட்டு முழுக்கச் செல் நிரம்பியதும், மெல்லிய பிளாஸ்டிக் முனையால் நடுவே ஒரு கோடு கீறுகிறார்கள். வரப்பு வெட்டியதுபோல ஓர் இடைவெளி விழும். இருபுறமிருந்தும் செல்கள் ஊர்ந்துவந்து அதை மூடும். சாரம் விட்ட தட்டில் 24 மணி நேரம் கழித்தும் இடைவெளி மூடவில்லையென்றால், ஊர்வதை அது தடுத்தது என்று பொருள். இன்னொரு சோதனையில், நுண்துளைகள் உள்ள சவ்வின் மேல் ஜெல் பூசி, எத்தனை செல்கள் அதைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வருகின்றன என்று எண்ணுகிறார்கள். உடலில் இருக்கும் வேலியின் மாதிரி அது.

நல்ல சோதனைகள்தான் இவை. ஆனால் ஒரு கேள்வியை எப்போதும் கேட்க வேண்டும்: செல்கள் ஊர மறுத்தனவா, அல்லது செத்துக்கொண்டிருந்தனவா? சாரத்தின் அளவு கூடினால் எந்தச் செல்லும் நகராது. செல்லைக் கொல்லாத அளவிலும் நகர்வு நின்றது என்று காட்டினால்தான் அது பரவல் தடுப்பு. இதைக் காட்டாத கட்டுரைகள் ஏராளம்.

அளவு என்றதும் மஞ்சளை எடுத்துக்கொள்வோம். மிக அதிகமாக ஆராயப்பட்ட மூலிகைகளில் ஒன்று அது. மஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின், தட்டில் புற்றுச் செல்லின் ஊர்தலைத் தடுக்கிறது, வேலி கரைக்கும் எம்.எம்.பி நொதியைக் குறைக்கிறது என்று எத்தனையோ ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பல, 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதற்கான அலகு) அளவில் குர்குமினை விட்டன. மனிதர்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் வாய்வழி கொடுத்துப் பார்த்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், ரத்தத்தில் சேர்ந்தது உச்சத்தில் 2 மைக்ரோமோலாருக்கும் கீழே. குடல் அதை உறிஞ்ச மறுக்கிறது, உறிஞ்சியதையும் கல்லீரல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது. சரி, அந்த 8 கிராம் என்பது எவ்வளவு மஞ்சள்? பொடியில் குர்குமின் சுமார் 3 விழுக்காடு என்று வைத்தால் 260 கிராமுக்கும் மேல். தினமும் கால் கிலோ மஞ்சள்பொடி. அப்படி விழுங்கினாலும் தட்டில் இருந்த அளவு ரத்தத்தில் வராது. சாம்பாரில் போடும் கால் ஸ்பூனிடமும் இரவில் குடிக்கும் மஞ்சள் பாலிடமும் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. குர்குமின் ஒளிரும் தன்மை கொண்டது, கண்ட புரதத்தோடும் ஒட்டும், சோதனைக் குழாயிலேயே சிதையும். இதனால் பல ஆய்வுமுறைகளில் வேலை செய்வதுபோலப் பொய்த் தோற்றம் காட்டும். 2017-இல் கேத்ரின் நெல்சன் குழுவினர் மருந்து வேதியியல் இதழில் இதை விரிவாக எழுதினார்கள்.

அப்படியென்றால் குர்குமின் கதை முடிந்ததா? இல்லை. ஆர்மீனியாவின் எரெவானில் 150 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது, 2020-இல் வெளியானது. அனைவருக்கும் முற்றிப் பரவிய மார்பகப் புற்று. அனைவருக்கும் பாக்லிடாக்ஸெல். பாதிப் பேருக்குக் கூடவே குர்குமினை நரம்பில் ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. குர்குமின் பெற்றவர்களில் 51 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது, மற்றவர்களில் 33 விழுக்காடு. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் நோய் மறுபடி தலைதூக்க எடுத்துக்கொண்ட காலத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. மஞ்சள் சாப்பிட்ட ஆய்வும் அல்ல இது, நரம்பில் ஏற்றியது, கீமோவோடு சேர்த்து. இதைவிடப் பெரிய ஆய்வு ஒன்று இதையே மறுபடி காட்டினால் நான் முதல் ஆளாக மகிழ்வேன்.

பரவலைத் தடுக்கும் மருந்தை மனிதர்களிடம் சோதிப்பதே கடினம் என்பதற்கு ஒரு பாடம் இருக்கிறது. வேலியைக் கரைக்கும் எம்.எம்.பி நொதியை அடக்குவதற்கென்றே 1990-களில் மாத்திரைகள் செய்தார்கள். மாரிமாஸ்டாட் அவற்றில் ஒன்று. எலிகளில் அருமையாக வேலை செய்தது. பரவிய மார்பகப் புற்று உள்ள பெண்களுக்குக் கொடுத்தபோது ஆயுள் கூடவில்லை, மூட்டும் தசையும் வலித்ததுதான் மிச்சம். ஏன்? எலிக்குப் புற்றுச் செல்லை ஊசியில் ஏற்றிய சில நாள்களிலேயே மருந்தைத் தொடங்கலாம். ஒரு பெண் கட்டியைத் தொட்டு உணர்ந்து மருத்துவமனைக்கு வரும்போது, சில செல்கள் எப்போதோ கிளம்பிப்போய் எலும்பு மஜ்ஜையில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்று 15, 20 ஆண்டுகள் கழித்துத் திரும்புவதும் அதனால்தான். மாடு போன பிறகு தொழுவத்தை அடைப்பதுபோல ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு அந்த நொதிகள் உடலுக்கு நல்ல வேலையும் செய்கின்றன, புண் ஆறுவதற்கு அவை வேண்டும். ஆகவே 'இந்தச் சாரம் எம்.எம்.பி-9-ஐக் குறைத்தது' என்று அந்த நொதிகளில் ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது, அவற்றையே குறிவைத்துச் செய்த மருந்து தோற்ற வரலாற்றையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

மற்ற மூலிகைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், இரண்டும் எனக்கு உண்மையாகவே ஆர்வம் தருபவை. அமுக்கராவில் (அஸ்வகந்தா) உள்ள வித்தாஃபெரின்-ஏ, ஊரும் செல்லின் விமென்டின் இழையைப் பிடித்துக் குலைக்கிறது. செல்லைக் கொல்லாத சிறு அளவிலேயே ஊர்தல் குறைந்தது, எலிகளின் நுரையீரலில் கட்டிகளும் குறைந்தன என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. மேலே கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்ன ஆய்வு. வேம்பில் உள்ள நிம்போலைடை 2019-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து, மார்பகப் புற்றுச் செல்லுக்குள் அது ஆர்.என்.எஃப்-114 என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று கண்டார்கள். எந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி என்று தெரிந்துவிட்டால், அதைவிட நல்ல சாவியைச் செய்யலாம். மூலிகை ஆராய்ச்சியின் பெரிய பலன் பல சமயம் இப்படித்தான் வருகிறது, இலை வழிகாட்டியாக நிற்கிறது. இவை இரண்டுமே மார்பகப் புற்று பரவுவதைப் பெண்களிடம் தடுத்ததாக இன்னும் நிரூபிக்கப்பட்டவை அல்ல.

'பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கெடுதல் உண்டு. நெதர்லாந்தில், ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுக்குத் தரப்படும் டமாக்சிஃபென் மாத்திரையை எடுத்துவந்த 16 பேருக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அந்த மருந்தின் செயல்படும் வடிவம் ஏறக்குறைய 8 விழுக்காடு குறைந்தது, குர்குமினோடு மிளகின் பைப்பரினும் சேர்ந்தபோது 12 விழுக்காடு. சமையலில் போடும் மஞ்சளைப் பற்றிய பேச்சல்ல இது, கேப்ஸ்யூலாகக் கொட்டும் அளவைப் பற்றியது. மஞ்சள் கேப்ஸ்யூல், அமுக்கரா மாத்திரை இரண்டிலும் கல்லீரல் வீங்கியவர்கள் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. கீமோ எடுப்பவரின் கல்லீரல் ஏற்கெனவே பாரம் சுமக்கிறது. முள் சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலியது என்று சுற்றும் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது எந்த மனிதரிடமும் காட்டப்பட்டதல்ல. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில், அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்ந்து சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் இருந்ததை 1999-இல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல், மூலிகையை நம்பிச் சிகிச்சையை விடுவது. அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஆய்வொன்றில், பரவாத நிலையில் நோய் கண்டறியப்பட்டும் மாற்று முறையை மட்டுமே தேர்ந்தெடுத்த மார்பகப் புற்று நோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இறக்கும் வாய்ப்பு 5 மடங்குக்கும் மேல் இருந்தது. குணமாகக்கூடிய கட்டி, காத்திருந்த மாதங்களில் பரவிவிடுகிறது.

வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்து, அவர் பொடியோ லேகியமோ கேப்ஸ்யூலோ சாப்பிடுகிறார் என்றால், திட்டாதீர்கள். திட்டினால் ஒளித்துவைத்துச் சாப்பிடுவார். அந்த டப்பாவையே அடுத்த முறை ஓ.பி.க்கு எடுத்துப் போங்கள். கூட்டத்தில் மருத்துவருக்குக் கேட்க நேரமிருக்காது, நாமாகத்தான் சொல்ல வேண்டும். "டாக்டர், அம்மா தினமும் காலையில இந்த அமுக்கராப் பொடி ஒரு ஸ்பூன் எடுத்துக்கிறாங்க. கீமோ மருந்தோட இது சேருமா? அடுத்த கீமோவுக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்?" இவ்வளவு போதும். கூடவே, கல்லீரல் ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.